பிழையைப் பிடிக்க எந்த மொழி?

பாஞ்சாலங்குறிச்சி என்ற ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து? ஆரம்பப் பள்ளிப் பிள்ளை விரல்விட்டு எண்ணி 9 என்று சொல்லிவிடும். கணினியிடம் கேட்டால், கேட்கும் நிரல்மொழியைப் பொறுத்து விடை மாறுகிறது. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்விஃப்ட் மொழி 9 என்கிறது. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் 17 என்கின்றன. மெய்யெழுத்தின் புள்ளியையும், கால், விசிறி போன்ற உயிர்மெய்க் குறிகளையும் அவை தனித்தனியே எண்ணுகின்றன. ரஸ்ட் மொழியிடம் நீளத்தைக் கேட்டால் 51 என்று வரும். அந்த 17 குறிகளும் சேமிப்பில் ஆளுக்கு மூன்று பைட் இடம் பிடிப்பதால் வந்த கணக்கு அது. மூன்றில் எதையும் தவறு என்று தள்ள முடியாது. எழுத்து என்றால் என்ன என்பதில் ஒவ்வொரு மொழிக்கும் தனிக்கொள்கை உண்டு, அவ்வளவுதான். ஆனால் ஒரு மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இந்த மொழிகளில் ஒன்றை உட்கார வைத்தால், அதன் கொள்கையும் தீர்ப்போடு சேர்ந்தே வருகிறது. சோதனைத் தொகுப்பை எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வியை டெவலப்பர்களின் விருப்பு வெறுப்பாக மட்டும் பார்க்க முடியாததற்கு முதல் காரணம் இதுதான்.

சோதனைத் தொகுப்பு என்பது ஒரு மென்பொருளைச் சரிபார்ப்பதற்காகவே எழுதப்படும் இன்னொரு மென்பொருள். தூத்துக்குடி மாவட்டத்து ஊர்களின் விவரங்களைக் காட்டும் செயலி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோவில்பட்டி என்று தட்டினால் கோவில்பட்டி வர வேண்டும். ஓட்டப்பிடாரம் வட்டத்தைத் தொட்டால் அதிலுள்ள ஊர்கள் அகர வரிசையில் நிற்க வேண்டும். செயலியில் ஒரு வரியைத் திருத்தும்போதெல்லாம் இவை பழையபடி நடக்கின்றனவா என்று மனிதர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலையை எடுத்துக்கொள்ளும் நிரல்களின் கூட்டம்தான் சோதனைத் தொகுப்பு. இது ஏதோ துணை வேலை என்று நினைப்பவர்கள் எஸ்க்யூலைட்டைப் பார்க்கலாம். நம் கைப்பேசிகள் அனைத்திலும் தகவல்களைச் சேமித்துவைக்கும் சிறிய தரவுத்தளம் அது. 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி அதன் நிரல் சுமார் 1,56,000 வரிகள். அதைச் சோதிக்கும் நிரலோ 9 கோடி வரிகளுக்கு மேல், ஏறத்தாழ 590 மடங்கு. இவ்வளவு பெரிய சொத்தை எந்த மொழியில் எழுதிவைக்கிறோம் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்வருபவர்களையும் கட்டிப்போடும் முடிவு.

வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை எளிமையானது: மென்பொருள் எந்த மொழியோ, சோதனையும் அதே மொழி. இதற்குப் பின்னால் வலுவான மரபு இருக்கிறது. கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997இல் ஒரு விமானப் பயணத்தில் சேர்ந்து எழுதிய ஜேயூனிட், ஜாவா நிரலை ஜாவாவாலேயே சோதித்தது. எழுதுபவரே சோதிக்கலாம், எழுதிய கையோடு சோதிக்கலாம் என்ற பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது அதுதான். ஒரு சிறு செயற்கூறுக்குள் புகுந்து, அதற்கு இரண்டு எண்களைக் கொடுத்து, வரும் விடையைப் பார்க்கிற உட்சோதனைக்கு அதே மொழிதான் பொருத்தம். அந்தச் செயற்கூறுக்கு வெளியுலகில் முகமே கிடையாது. அதன் மொழி தெரிந்தவரால்தான் அதைத் தொட முடியும். உட்சோதனை வரைக்கும் பழைய அறிவுரையோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை தொடங்குவது சோதனை வெளியே வந்து, பயன்படுத்துகிறவரின் இடத்தில் நிற்கும்போதுதான். உலகம் நம்பியிருக்கும் பல மென்பொருள்கள் அந்த இடத்தில் மொழியை மாற்றிக்கொண்டன. எஸ்க்யூலைட் சி மொழியில் எழுதப்பட்டது. அதன் மிகப் பழைய சோதனைகள் டிக்கிள் மொழியில் உள்ளன. நிரலாளர்கள் தங்கள் நிரலின் வரலாற்றைப் பாதுகாக்கும் கிட் மென்பொருளும் சிதான். அதன் சோதனைகளில் பெரும்பகுதி ஷெல் கட்டளைகள். கிட்டைப் பயன்படுத்துகிறவர் கருந்திரையில் எதைத் தட்டுவாரோ, ஏறத்தாழ அதையே சோதனையும் தட்டுகிறது. பிட்காயினின் மூல மென்பொருள் சி++ மொழியில் இருக்கிறது. உட்சோதனைகளை அதே சி++ மொழியில் வைத்துக்கொண்டு, முழு மென்பொருளையும் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனைகளைப் பைத்தானுக்குக் கொடுத்துவிட்டார்கள். இணையதளச் சோதனையில் இந்தப் பிரிவு இன்னும் தெளிவாகத் தெரியும். 2004இல் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் முதலில் உலாவிக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்டாகத்தான் இருந்தது. பிறகு உலாவியை வெளியிலிருந்து இயக்கும் பொதுநெறி உருவாகி, 2018இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் தரமாகவும் ஆனது. இன்று ஜாவா, பைத்தான், ரூபி என்று எந்த மொழியிலிருந்தும் அதே உலாவியை ஓட்டலாம். வெளிச்சோதனைக்கும் மென்பொருளின் மொழிக்கும் இருந்த முடிச்சு அப்படி அவிழ்ந்துவிட்டது. ஆக, மொழியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் மீதிக் கேள்வி.

வேகம், வசதி, சம்பளச் சந்தை என்று பல அளவுகோல்களைச் சொல்வார்கள். தமிழைக் கையாளும் மென்பொருளுக்கு இவற்றுக்கு முன்னால் வேறொன்று வருகிறது: அந்த மொழியின் கண்ணுக்கு எது தெரியாது? கோவில்பட்டியின் முதல் எழுத்தையே பாருங்கள். யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் இரு தனிக் குறிகளாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் சமம் என்றே யூனிகோடு தரமும் சொல்கிறது. ஆனால் பைத்தானிலும் ஜாவாவிலும் இந்த இரண்டு கோவில்பட்டிகளையும் ஒப்பிட்டால் வெவ்வேறு என்று விடை வரும். ஒன்றின் நீளம் 11, மற்றதன் நீளம் 12. ஸ்விஃப்ட்டோ இரண்டும் ஒன்றே என்று சொல்லி, நீளம் 6 என்று கணக்கிடும். இது ஏட்டளவில் நிற்கும் சிக்கலன்று. தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்பதற்கு முன்பு பல அலுவலகங்களின் கோப்புகள் வேறுவேறு எழுத்துருக் குறியீடுகளில்தான் இருந்தன. அவற்றில் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் நின்றன. கவனமில்லாத மாற்றி அப்படிப்பட்ட கோப்பை யூனிகோடுக்குக் கொண்டுவரும்போது பிரிந்த வடிவத்தை அப்படியே விட்டுவிடலாம்.

இப்போது நம் செயலிக்குத் திரும்புவோம். பழைய கோப்பிலிருந்து பிரிந்த கோவில்பட்டி சேமிப்பில் ஏறிவிட்டது. தேடுகிறவர் விசைப்பலகையில் தட்டுவதோ சேர்ந்த கோவில்பட்டி. ஜாவாவில் எழுதிய வழங்கி, ‘அப்படி ஊர் இல்லை’ என்று கைவிரிக்கும். இந்தச் செயலியின் பெயர்ப்பட்டியலைச் சோதிக்கும் நிரலை ஸ்விஃப்ட்டில் எழுதியிருந்தால், வழங்கி அனுப்பிய பெயரையும் எதிர்பார்த்த பெயரையும் ஒப்பிட்டு ‘சரி’ என்று பச்சை விளக்கைக் காட்டிவிடும். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது அதன் இயல்பு. பைத்தானில் எழுதியிருந்தால் அங்கேயே சிவப்பு எரிந்திருக்கும். அதனால் பைத்தான்தான் உயர்ந்தது என்று ஆகிவிடாது. வாசகர் பார்வையில் இரண்டு பெயரும் ஒன்றுதான் என்பதை வலியுறுத்தும் சோதனைக்குப் பைத்தானின் கறார் புத்தி இடைஞ்சல். அங்கே ஒப்பிடுவதற்கு முன் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரச் சொல்லிப் பைத்தானுக்குக் கட்டளையிட வேண்டும். எதைச் சமம் என்று கொள்வது என்பது சோதனையை எழுதுகிறவர் அறிந்து எடுக்க வேண்டிய முடிவு. மொழி அவருக்குத் தெரியாமலே அதை எடுத்துவிட அனுமதிக்கக் கூடாது.

அகர வரிசையில் இந்த ஆபத்து இன்னும் நுட்பமானது. யூனிகோடு தன் அட்டவணையில் ரகரத்தை அடுத்து றகரத்தையும், லகரத்தை அடுத்து ளகரத்தையும் அதன் பின் ழகரத்தையும் வைத்திருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ ல, வ, ழ, ள, ற, ன என்று போகும். நிரல்மொழிகளின் சாதாரண வரிசைப்படுத்தும் கட்டளை அட்டவணை எண்ணைத்தான் பார்க்கும். தூத்துக்குடி மாவட்டத்தின் 10 வட்டங்களை அதனிடம் கொடுத்துப் பாருங்கள்: எட்டயபுரம், ஏரல், ஓட்டப்பிடாரம், கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தான்குளம், திருச்செந்தூர், தூத்துக்குடி, விளாத்திகுளம், ஸ்ரீவைகுண்டம் என்று பிசகில்லாமல் அடுக்கும். சோதனை எழுதியவர் திருப்தியோடு எழுந்துவிடுவார். அடுத்து கழுகுமலையையும் களக்காட்டையும் கொடுத்தால் களக்காட்டை முன்னே வைக்கும். நெடுங்கணக்குப்படி ழகரம் முந்தியது; கழுகுமலைதான் முதலில் வர வேண்டும். இந்தப் பிழை ஏன் பிடிபடாமல் போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. மென்பொருளும் பைத்தான், சோதனையும் பைத்தான் என்றால், எதிர்பார்க்கும் விடையையும் அதே வரிசைப்படுத்தும் கட்டளையைக் கொண்டு தயாரித்துவிடத் தோன்றும். பிறகு பிழை பிழையோடு ஒத்துப்போகும். எல்லா விளக்கும் பச்சையாக எரியும். பருத்தி விற்க வந்தவரின் தராசில் நிறுத்த மூட்டையை மறுபடி அதே தராசில் நிறுத்துப் பார்ப்பதால் வாங்குபவருக்கு என்ன தெரியப்போகிறது?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மொழியை மாற்றினால் மட்டும் என்ன ஆகிவிடும்? பைத்தானும் ஜாவாவும் கழுகுமலை விஷயத்தில் ஒரே தவறைத்தானே செய்கின்றன? உண்மை. வேற்று மொழி என்பதாலேயே சோதனை நேர்மையாகிவிடாது. இந்த மறுப்பை ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த படி புலப்படும்: எதிர்பார்க்கும் விடை எந்த நிரல்மொழிக்குள்ளும் இருக்கக் கூடாது. தமிழ் நெடுங்கணக்கு தெரிந்த ஒருவர் கைப்பட எழுதிய வெறும் பட்டியலாக, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய கோப்பாக, அது வெளியே இருக்க வேண்டும். இது புது யோசனையன்று. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் அடிப்படைச் சோதனைகளில் கேள்விகள் ஒரு கோப்பில், வர வேண்டிய விடைகள் இன்னொரு கோப்பில். ஓடவிட்டு இரண்டையும் ஒத்துப்பார்க்கிறார்கள். இணையத்திலிருந்து தரவை இறக்கும் கர்ல் கருவி சி மொழியில் இருக்கிறது. அதன் சோதனைகளை ஓட்டுவது பெர்ல் மொழி நிரல். ஆனால் ஒவ்வொரு சோதனையும் எண்ணிட்ட தனி உரைக்கோப்பு. வழங்கி என்ன பதில் தரும், கர்ல் என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கோப்பிலேயே எழுதியிருக்கும். எழுத்துகளை எங்கே பிரிக்க வேண்டும் என்பதற்கு யூனிகோடு கூட்டமைப்பே இப்படிப்பட்ட உரைக்கோப்பை வெளியிடுகிறது. எந்த மொழிக்காரரும் அதை எடுத்துத் தம் நிரலைச் சோதித்துக்கொள்ளலாம்.

தமிழிலேயே இதற்கு அருகில் வரும் ஒரு முயற்சி உண்டு. தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிரல் எழுதக் கற்பிப்பதற்காக முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியின் இயக்கி பைத்தானில் எழுதப்பட்டது. அதைச் சோதிக்கும் மாதிரிகளில் பல எழில் மொழி நிரல்கள்தான்; தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த மாணவர்கூட அவற்றைத் திறந்து பார்த்து என்ன நடக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். எழிலின் பக்கத்தில் வளர்ந்த ஓப்பன்-தமிழ் நூலகம், பைத்தானின் 17 குறிக் கணக்கைத் தாண்டி, பெயரை நாம் எண்ணுவதுபோல எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது. மொழியின் கொள்கை போதாத இடத்தில் அதன்மேல் நம் கொள்கையை ஏற்றிவைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

விடை வெளியே போய்விட்டால் மொழிக்கு மிஞ்சும் வேலை சிறியது: கோப்பைப் படித்து, மென்பொருளிடம் கேட்டு, வந்ததையும் வர வேண்டியதையும் ஒத்துப்பார்த்துச் சொல்வது. அந்தச் சிறு வேலைக்கு மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது, பத்து ஆண்டு கழித்து அதைப் படித்துப் புரிந்துகொள்ளப் போகிறவர் யார் என்று கேட்டால் போதும். எஸ்க்யூலைட் இன்றும் டிக்கிளை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் நாகரிகம் அன்று. அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் டிக்கிள் மொழியின் மையக் குழுவில் இருந்தவர், எஸ்க்யூலைட்டே டிக்கிளின் துணைக்கருவியாகத்தான் பிறந்தது. அவர்களுக்குத் தெரிந்த மொழியில் அவர்கள் எழுதினார்கள். கரிசல் பூமிக்கு அதே அளவுகோலை வைத்தால் விடை வேறாக வரும். 1984இல் தொடங்கிய கோவில்பட்டி தேசிய பொறியியல் கல்லூரியிலிருந்தும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்தும் வெளியேறும் பிள்ளைகளில் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ டெஸ்டிங் வேலையில்தான் கால் வைக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டம் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் முதல் பருவத்திலேயே பைத்தானை வைத்தது. மாநிலப் பாடத்திட்டத்தின் கணினி அறிவியல் புத்தகங்களில் பதினோராம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான். இரண்டும் தமிழ் வழியிலும் கிடைக்கின்றன. சி++ நிரலைப் பைத்தானிலிருந்து ஓட்டுவது எப்படி என்றே பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடம் இருக்கிறது. பிட்காயின்காரர்கள் செய்வதன் அரிச்சுவடி எட்டயபுரத்து அரசுப் பள்ளி மாணவியின் புத்தகப் பையில் கிடக்கிறது என்று இதற்குப் பொருள். இந்த வட்டாரத்தில் தமிழ் மென்பொருளை வெளியிலிருந்து சோதிக்கும் தொகுப்புக்குப் பைத்தானைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் சொல்வது, அந்த மொழியின் இலக்கண அழகுக்காக அன்று. படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே அதிகம் என்பதற்காக.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. மென்பொருள் ஜாவாவிலும் சோதனை பைத்தானிலும் இருந்தால் குழு இரண்டு மொழிகளைச் சுமக்க வேண்டும். ஜாவா எழுதுகிறவர் ‘சோதனை என் வேலை இல்லை’ என்று ஒதுங்கவும் வழி ஏற்படும். ஜாவாவில் ஒரு பெயரை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் ஜாவா சோதனைகள் தொகுக்கும்போதே முறையிடும். பைத்தான் சோதனையோ ஓடும்போதுதான் விழும். இவை மெய்யான இழப்புகள். ஆனால் வெளிச்சோதனை மென்பொருளைத் தொடும் இடங்கள் சில மட்டுமே: தேடு, பட்டியலிடு, சேமி. அந்தத் தொடுபுள்ளிகளை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டால் பெயர் மாற்றம் அங்கே ஓரிடத்தில்தான் இடிக்கும். ஒதுங்குவதைத் தடுக்க, உட்சோதனைகள் ஜாவாக்காரர் கையிலேயே இருக்கட்டும். பைத்தான் மெதுவானது என்ற குறையும் இங்கே பெரிதாக எடுபடாது. வெளிச்சோதனையின் நேரத்தில் பெரும்பகுதி உலாவியும் தரவுத்தளமும் பதில் சொல்லக் காத்திருப்பதிலேயே போகிறது.

இன்னொரு பக்கத்திலிருந்து வேறொரு மறுப்பு வரும்: வெளியே உரைக்கோப்பு என்று சொல்லிவிட்டால், நாளடைவில் அதற்குள் நிபந்தனையும் சுழற்சியும் புகுந்து, அதுவே யாருக்கும் விளங்காத குட்டி நிரல்மொழி ஆகிவிடாதா? ஆகிவிடும், கவனிக்காமல் விட்டால். குக்கும்பர் என்ற கருவி சோதனைகளைச் சாதாரண வாக்கியங்களில் எழுத வழி செய்தது. அதற்குத் தமிழ்க் குறிச்சொற்களும் உண்டு. ஆயினும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு நிரலை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். வாக்கியங்கள் பெருகப் பெருக அந்த நிரலும் பெருகி, பிழை வாக்கியத்திலா நிரலிலா என்று தேடுவதே தனி வேலையாகிவிடும். ஆகவே கோப்பில் இருக்க வேண்டியது உள்ளீடும் விடையும் மட்டுமே. ‘இப்படி இருந்தால் அப்படி’ என்று எழுதத் தோன்றும் கணத்தில் அது நிரலுக்குள் போக வேண்டிய விஷயம் என்று புரிந்துகொள்ளலாம்.

கடைசியாக, இப்போது அடிக்கடி கேட்கும் வாதம்: சோதனைகளைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது, எந்த மொழியாக இருந்தால் என்ன? எழுதுவது மலிவாகிவிட்டது என்பது சரிதான். அதனாலேயே படித்துத் தீர்ப்புச் சொல்வதன் மதிப்பு ஏறியிருக்கிறது. மென்பொருளின் நிரலைக் காட்டி, இதற்குச் சோதனை எழுது என்று கேட்டால், அந்த நிரல் தரும் விடையையே சரியான விடையாக எழுதிவைக்க அதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. களக்காடு முதலில், கழுகுமலை பிறகு என்று அது அழகாக எழுதிக் கொடுக்கும். அதைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். சொல்வதற்கு அவருக்கு அந்தச் சோதனை படிக்கப் புரிய வேண்டும்.

ஆகவே வேலையைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம். எந்த மொழி என்று குழு கூடி விவாதிக்கும் முன், தமிழும் ஊரும் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து முதல் நூறு விடைகளை வெறும் கோப்பில் எழுத வேண்டும். பிரிந்த கோவில்பட்டி, சேர்ந்த கோவில்பட்டி, கழுகுமலை, களக்காடு, ஸகரத்தோடு தொடங்கும் ஸ்ரீவைகுண்டம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தோடு தொடங்கும் ஸ்ரீவைகுண்டம் எல்லாம் அதில் இருக்கட்டும். கடைசி இரண்டும் ஒன்றா வேறா என்பதற்கு யூனிகோடு துணைக்கு வராது. ஸ்விஃப்ட்கூட அவற்றை வேறென்றுதான் சொல்லும். அதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கோப்பு கைக்கு வந்த பிறகு மொழித் தேர்வு பாதி முடிந்துவிடும்: உட்சோதனைக்கு மென்பொருளின் மொழி, வெளிச்சோதனைக்கு அந்தக் கோப்பை எழுதியவரும் படிக்கக்கூடிய மொழி. பைத்தானின் காலம் ஒருநாள் முடிந்து வேறொன்று பள்ளிப் பாடமானால், ஓட்டும் நிரலைச் சில வாரங்களில் மாற்றி எழுதிக்கொள்ளலாம். விடைக் கோப்பில் ஒரு வரியையும் தொட வேண்டியிராது.